தறிக்குழி மேல ஒரு தியேட்டர்: வீடும் கொட்டகையும் ஓடின நூற்றிருபது வருஷப் பந்தயம்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடை காஞ்சிபுரத்துல, எங்க தாத்தா வீட்டு ஹால்ல தரையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். என் குரலுக்குப் பின்னாடி லேசா ஒரு எதிரொலி கேட்குதா? மன்னிச்சிடுங்க. எடிட்ல எடுத்துடலாம்னு நினைச்சேன், அப்புறம் விட்டுட்டேன். ஏன்னா அந்த எதிரொலிதான் இன்னிக்குக் கதை.

போன வருஷம் இந்த ஹாலை ஒரு ஹோம் தியேட்டரா மாத்தணும்னு முடிவு பண்ணினேன். 100 இன்ச் திரை, ஷார்ட் த்ரோ லேசர் ப்ரொஜெக்டர், தலைக்கு மேலயும் ஸ்பீக்கர். மொத்தம் பத்து ஸ்பீக்கர், கணக்குல சொன்னா 5.1.4. ஓஎம்ஆர்ல ஆறு வருஷம் கோட் எழுதிச் சேர்த்த காசு. ஒரு மாசத்துல முடிச்சுடலாம்னு நினைச்சேன். ஏழு மாசம் ஆச்சு. அந்த ஏழு மாசத்துல ஸ்பீக்கர் பத்தித் தெரிஞ்சுகிட்டதை விட, தமிழ்நாட்டுல சினிமா எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு தெரிஞ்சுகிட்டது அதிகம். கூடவே எங்க அம்மாவைப் பத்தியும் கொஞ்சம்.

இந்த ஹால்

முதல்ல ஹாலைச் சொல்லிடறேன். 20 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். நெசவுக்காரங்க வீடு எல்லாமே இப்படித்தான் நீளமா இருக்கும். தறியில பாவு நூலை நீளமா இழுத்துக் கட்ட இடம் வேணும், அதனால. பின்சுவர்லேர்ந்து சில அடி தள்ளித் தரையில ஒரு குழி. அதுதான் தறிக்குழி. நெய்யறவர் குழி விளிம்புல உட்கார்ந்து, காலைக் குழிக்குள்ள விட்டு மிதிபலகையை மிதிப்பார். தலைக்கு மேல, உத்தரத்தை ஒட்டி ஜக்கார்டு பெட்டி. டிசைன் அதுலேர்ந்துதான் வரும்.

அம்மாவோட அப்பா இந்தக் குழியில நாப்பது வருஷத்துக்கு மேல உட்கார்ந்தவர். கண் மங்கினதும் நெசவை நிறுத்தினார். அவர் போன அடுத்த வருஷம் தறியைப் பிரிச்சோம். குழி மேல கடப்பாக் கல் போட்டு மூடினோம். அதுக்கப்புறம் ஹால் காலியாவே கிடந்தது. பழைய பீரோ, சைக்கிள், அவ்வளவுதான். காலி ஹார்ட் டிஸ்க் மாதிரி எனக்குத் தெரிஞ்சுது. அம்மாவுக்கு அப்படித் தெரியலைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

கொட்டகையிலேர்ந்து ஆரம்பிப்போம்

1905. திருச்சியில ரயில்வே ஆபீஸ்ல வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட்னு ஒரு இளைஞர். டூபான்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராப் படம் காட்டிட்டு வந்தவர், உடம்பு முடியாம தன்னோட ப்ரொஜெக்டரையும் படங்களையும் விக்கப் பார்க்கிறார். வின்சென்ட் கடனோ உடனோ வாங்கி அதை வாங்கிடறார். 2,250 ரூபாய்னு சொல்வாங்க. அன்னிக்கு ஒரு குமாஸ்தா சம்பளத்துக்கு அது பைத்தியக்காரத்தனம். வேலையை விட்டுட்டு, டென்ட்டைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறார். 1914ல கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால்னு நிரந்தரமா ஒரு கட்டடமே கட்டிட்டார். பின்னாடி அது டிலைட் தியேட்டர் ஆச்சு.

ஒரு விஷயம் கவனிங்க. தமிழ்நாட்டுல சினிமா பிறக்கும்போதே ஒரு தனிமனுஷன் வாங்கின மெஷின்தான். நான் வாங்கின ப்ரொஜெக்டர் மாதிரியே. வித்தியாசம் என்னன்னா, அவர் அதை வீட்டுல வெச்சுக்கல. டென்ட் போட்டு ஊரைக் கூப்பிட்டார்.

1931ல 'காளிதாஸ்' வந்து படம் பேச ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் டூரிங் டாக்கீஸ் காலம். தரை டிக்கெட், மணலைக் குவிச்சு மேடு பண்ணி உட்கார்றது, பின்னாடி இருக்கறவர் திட்டறது. சத்தம் திரைக்குப் பக்கத்துலேர்ந்து ஒரே ஒரு கொம்பு ஸ்பீக்கர் வழியா. ஆனா மூழ்கிப்போறதுக்கு அது போதுமா இருந்தது. இருட்டு, பெரிய முகம், பக்கத்துல நூறு பேர். 'இம்மர்ஸிவ்'னு இன்னிக்கு டப்பா மேல அச்சடிக்கிறாங்களே, அதுல பாதி அந்த மணல்லயே இருந்தது.

வீடு துரத்த ஆரம்பிச்சுது

இப்போ பந்தயம் ஆரம்பம். என்னோட வாதம் இதுதான்: தியேட்டர்ல வந்த ஒவ்வொரு பெரிய டெக்னாலஜியும், வீடு பின்னாடி துரத்திட்டு வந்த நேரத்துல வந்தது. இது அமெரிக்காவுல வெளிப்படையாவே நடந்தது. 1950கள்ல வீட்டுக்கு வீடு டிவி வந்துச்சு, கூட்டம் குறைஞ்சுது. 1953ல 'தி ரோப்' படத்தோட சினிமாஸ்கோப் வந்துச்சு. சின்னச் சதுரப் பெட்டியில காட்ட முடியாத அகலம். "இதை வீட்டுல பாரு பார்க்கலாம்"னு ஒரு சவால் மாதிரி.

நம்ம ஊர்ல கதை கொஞ்சம் லேட். தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் 1973ல, சிவாஜி நடிச்ச 'ராஜராஜ சோழன்'. அப்போ இங்க டிவியே கிடையாது. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்னிக்குத்தான் வருது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோட கலர். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம். இதுவரைக்கும் தியேட்டருக்குப் பெரிய பயம் இல்ல.

பயம் வந்தது டெக்கோட. இருபது வயசுல இருக்கறவங்களுக்கு: டெக்ன்னா வீடியோ கேசட் பிளேயர். வாங்க வசதி இல்ல, அதனால ஒரு ராத்திரிக்கு வாடகை. கலர் டிவி, டெக், மூணு கேசட். ஒரு ஆள் சைக்கிள் ரிக்‌ஷாவுல கொண்டுவந்து மாட்டிட்டு, விடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிடுவார். அதனால விடிய விடிய மூணு படம் பார்த்தே ஆகணும். காசு கொடுத்தாச்சே!

நான் ஸ்பீக்கர் எங்க மாட்டறதுன்னு டேப் வெச்சு அளந்துட்டு இருந்தப்போ அம்மா வாசல்ல நின்னு சாதாரணமா சொன்னாங்க: "இந்த ஹால்ல ஏற்கெனவே படம் ஓட்டியாச்சுடா."

எனக்குத் தெரியவே தெரியாது. அம்மாவுக்கு அப்போ பன்னெண்டு வயசு. தெருவுல வீட்டுக்கு அஞ்சு ரூபா போட்டு டெக் எடுத்திருக்காங்க. எங்க வீட்டு ஹால்தான் நீளம், அதனால இங்க. ஆனா தறியில பாவு ஏத்தியிருக்கு. கல்யாணப் புடவை, பாதி நெய்தாச்சு. கழட்ட முடியாது. தாத்தா ரெண்டு பழைய வேட்டியை எடுத்து பாவு மேல விரிச்சு மூடிட்டார். டிவி அந்தக் கோடிச் சுவர்ல, ஸ்டூல் மேல. பசங்க தறிக்கு ரெண்டு பக்கமும், பெரியவங்க திண்ணையிலயும் தெருவுலயும், ஜன்னல் வழியா. தாத்தா மட்டும் ராத்திரி முழுக்க குழியை விட்டு எழுந்திருக்கல. எந்தப் பையன் கையாவது நூல்ல பட்டுடுமோன்னு காவல். முதல் படம் 'முந்தானை முடிச்சு'.

"உனக்கு நல்லா தெரிஞ்சுதா?"ன்னு கேட்டேன். "நான் தாத்தா பக்கத்துலதான். அன்னிக்கு ஒரு நாள்தான் அந்த இடத்துல வேலை செய்யாம உட்கார்ந்தேன்"னாங்க.

இதைக் கொஞ்சம் விளக்கணும். காஞ்சிப் பட்டுல உடம்பு ஒரு கலர், பேட்டு வேற கலர்னு இருந்தா, ரெண்டும் சேர்ற இடத்தை நூல் நூலாக் கோர்த்து நெய்யணும். அதுக்குப் பேர் கோர்வை. மூணு நாடா ஓடும். ஒரு ஆளால முடியாது. பக்கத்துல ஒரு துணை ஆள் உட்கார்ந்து ஒரு பக்கத்து நாடாவைப் போட்டுக்கிட்டே இருக்கணும். பல வீட்டுல அந்தத் துணை ஆள் வீட்டுப் பசங்கதான். அம்மா பத்து வயசுலேர்ந்து அதைச் செஞ்சவங்க. எட்டாவதோட பள்ளிக்கூடம் நின்னதும் அதனாலதான். இதை என்கிட்ட ஒரு குறையா அவங்க சொன்னதே இல்ல. நானும் கேட்டதில்ல.

தியேட்டரோட பதிலடி

சரி, பந்தயத்துக்கு வருவோம். டெக் வந்து தெருவுக்குத் தெரு ஓடுது. டேப்ல படம் மங்கல், சத்தம் கரகர. ஆனாலும் வீட்டுல பார்க்கலாம். தியேட்டர் என்ன பண்ணிச்சு? காரணம் இது ஒண்ணுதான்னு சொல்லல, ஆனா வரிசையைப் பாருங்க.

1984ல கேரளாவுலேர்ந்து 'மை டியர் குட்டிச்சாத்தான்'. இந்தியாவோட முதல் 3டி படம். தயாரிச்சது நவோதயா அப்பச்சன், இயக்கினது அவர் மகன் ஜிஜோ. கண்ணாடி போட்டாத்தான் தெரியும், டெக்ல போட்டா ரெண்டு ரெண்டாத் தெரியும். திருட்டு கேசட்டுக்கு இதை விட நல்ல பூட்டு இருக்க முடியுமா? அதுல பசங்க சுவர் மேல, கூரை மேல நடந்து போற ஒரு பாட்டு வரும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்ல. ரூமையே ஒரு பெரிய சக்கரம் மாதிரி செட் போட்டுச் சுத்தியிருக்காங்க.

1986ல ரஜினியோட 'மாவீரன்'. தமிழ்ல முதல் 70 எம்எம், ஆறு ட்ராக் ஸ்டீரியோ சத்தம்.

அடுத்த ரவுண்டு. 1993 ஏப்ரல்ல சன் டிவி. கேபிள் வயர் தெருவெல்லாம். வீட்டுல தினம் ஒரு படம். தியேட்டர் பதில் சொன்னது சத்தத்துல. 1995ல கமலோட 'குருதிப்புனல்', இந்தியாவுல டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர்ல வந்த முதல் படம். 1996ல 'கருப்பு ரோஜா', டிடிஎஸ். எங்க அப்பா தலைமுறைக்கு 'டிடிஎஸ்'ங்கறது ஒரு மந்திரச் சொல். படத்தோட பேரை விடப் பெருசா போஸ்டர்ல போடுவாங்க.

டிடிஎஸ் எப்படி வேலை செஞ்சுதுன்னு படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வந்துச்சு. பிலிம்ல டிடிஎஸ் சத்தம் கிடையாது, அதுக்கு ஒரு டைம்கோட் மட்டும் இருக்கும். நிஜமான ஆடியோ தனியா சிடி-ராம்ல. பிலிம் ஓடும்போது மெஷின் அந்த டைம்கோடைப் படிச்சு, சிடியில அந்த இடத்துக்குப் போய் வாசிக்கும். நடுவுல பிலிம் அறுந்து ஒட்டியிருந்தாலும் சத்தம் தாண்டிப் போய்ச் சரியான இடத்துல பிடிச்சுக்கும். சிடி சொதப்பினா? பிலிம் ஓரத்துல பழைய ஆப்டிகல் ட்ராக் இருக்கு, அதுக்கு மாறிடும். அருமையான ஃபால்பேக். 1993ல 'ஜுராசிக் பார்க்'ல ஆரம்பிச்சது, மூணு வருஷத்துல தமிழ்நாட்டுக்கு வந்துடுச்சு.

ஆனா வீடு சும்மா இருக்குமா? விசிடி, டிவிடி, 5.1 ஹோம் தியேட்டர் செட். 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசே வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்துச்சு. எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்துச்சு. நான் கார்ட்டூன் பார்த்தது அதுலதான்.

1000 ரூபா டிக்கெட்

இந்தப் பந்தயத்துல ரெண்டு பேரும் ஒரே கோட்டுல வந்து முட்டிக்கிட்ட இடம் ஒண்ணு உண்டு. 2012 டிசம்பர்.

அந்த மாசம் 12ஆம் தேதி 'சிவாஜி'யோட 3டி வடிவம் ரிலீஸ். டால்பி அட்மாஸ்ல வந்த முதல் இந்தியப் படம். அட்மாஸ் உலகத்துக்கே அறிமுகம் ஆனது அதே வருஷம் ஜூன்ல, 'ப்ரேவ்' படத்தோட. ஆறே மாசத்துல தமிழுக்கு.

அதே சமயத்துல கமல் 'விஸ்வரூபம்' ரெடி பண்றார். அதுல ஆரோ-3டி. பெல்ஜியத்துல உருவான சிஸ்டம். காதுக்கு நேரா ஒரு வரிசை, அதுக்கு மேல ஒரு வரிசை, உச்சந்தலைக்கு மேல ஒண்ணுன்னு ஸ்பீக்கர் அடுக்கு அடுக்கா இருக்கும். இந்தியப் படம் ஒண்ணு அதுல வந்தது அதுதான் முதல் தடவை. அதாவது, வீட்டுல கேட்கவே முடியாத சத்தம். அதே கையோட அவர் இன்னொரு அறிவிப்பும் பண்றார்: படத்தை தியேட்டருக்கு முன்னாடியே டிடிஎச்ல, வீட்டு டிவியில காட்டப் போறேன். ஒரு வீட்டுக்கு 1000 ரூபாய்.

யோசிச்சுப் பாருங்க. ஒரே படம். ஒரு பக்கம் தியேட்டர் சத்தத்தோட உச்சம். இன்னொரு பக்கம் டிவியோட ரெண்டு குட்டி ஸ்பீக்கர். தியேட்டர்காரங்க கொதிச்சாங்க, படத்தைப் போட மாட்டோம்னாங்க. டிடிஎச் திட்டம் தள்ளிப்போச்சு. அப்புறம் வேற காரணங்களுக்காகப் படத்துக்கே தடை வந்து, தமிழ்நாட்டுல 2013 பிப்ரவரி 7 அன்னிக்குத்தான் ரிலீஸ் ஆச்சு. டிடிஎச் பிளானை அன்னிக்கு எல்லாரும் கிண்டல் பண்ணினாங்க. "ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தெருவே பார்க்கும்யா"ன்னாங்க. தெருவே உட்கார்ந்து பார்த்த டெக் ராத்திரி அவங்களுக்கு மறக்கல போல.

ஏழு வருஷம் கழிச்சு, 2020 மே மாசம், லாக்டவுன்ல 'பொன்மகள் வந்தாள்' நேரா ஓடிடியில வந்துச்சு. மறுபடியும் எதிர்ப்பு. ஆனா இந்தத் தடவை தியேட்டர் எல்லாம் பூட்டிக் கிடந்தது. நவம்பர்ல 'சூரரைப் போற்று'. பந்தயத்துல வீடு முன்னாடி போயிடுச்சு.

சேனலும் ஆப்ஜெக்ட்டும்

இப்போ கொஞ்சம் இன்ஜினியரிங். போர் அடிக்காது, உள்ளூர் உதாரணத்தோட சொல்றேன்.

வைகாசி மாசம் வரதராஜப் பெருமாள் கருடசேவை. விடியக்காலை நம்ம தெருவுல நிக்கறீங்க. நாதஸ்வரம் தெருமுனையிலேர்ந்து வந்து, உங்களைத் தாண்டி, அந்தப் பக்கம் போகுது. இதைப் படத்துல எப்படிப் பதிவு பண்றது? பழைய முறையில, "முதல் ரெண்டு நொடி இடது ஸ்பீக்கர், அடுத்து பின் இடது ஸ்பீக்கர்"னு எழுதணும். இதுக்குப் பேர் சேனல். ஸ்பீக்கர் எங்க இருக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணி ஹார்ட்கோட் பண்றது. உங்க வீட்டுல அந்த இடத்துல ஸ்பீக்கர் இல்லைன்னா பெருமாள் பாதி வழியில மறைஞ்சிடுவார்.

அட்மாஸ்ல இப்படி எழுதறாங்க: "இது நாதஸ்வரம். இந்த நொடி இது இந்த இடத்துல இருக்கு." அவ்வளவுதான். சத்தமும், அது இருக்கற இடமும். இதுதான் ஆப்ஜெக்ட். எந்த ஸ்பீக்கர் பாடணும்ங்கறதைப் படம் ஓடற இடத்துல இருக்கற மெஷின், அந்த ரூமைப் பார்த்து முடிவு பண்ணும். தியேட்டர்ல 128 ட்ராக் வரைக்கும், 64 ஸ்பீக்கர் ஃபீட் வரைக்கும் போகலாம். 2014லேர்ந்து அதே விஷயம் வீட்டுக்கும் வந்துச்சு. இன்டர்நெட் வழியா அனுப்பும்போது பக்கத்துப் பக்கத்துல இருக்கற சத்தங்களைக் கூட்டமாச் சேர்த்து 12, 16ன்னு குறைச்சு அனுப்புவாங்க. ஆனா ஐடியா அதேதான். வெப்சைட்டை ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் தனித்தனியா எழுதாம, ஸ்கிரீனைப் பார்த்துத் தானா மாறிக்கற மாதிரி எழுதறோமே, அது மாதிரி.

இந்தப் பந்தயத்துல இது ஒரு பெரிய திருப்பம். அதுவரைக்கும் தியேட்டர் டெக்னாலஜின்னா வீட்டுல முடியாததுன்னு அர்த்தம். இது மட்டும்தான் எந்த ரூமா இருந்தாலும் பரவாயில்லைன்னு எழுதப்பட்டது.

இதை நான் அம்மாவுக்குப் பெருமையா விளக்கினேன். அவங்க உத்தரத்தைக் காட்டினாங்க. நான் மேல் ஸ்பீக்கருக்கு ஓட்டை போட்டுட்டு இருந்த அதே உத்தரத்துலதான் ஜக்கார்டு பெட்டி இருந்தது. "அட்டையில டிசைன் இருக்கும். எந்தத் தறியில மாட்டினாலும் அதே டிசைன் வரும். நூல் கலரை நாம மாத்திக்கலாம். அதானே?"

அதேதான். 1804ல பிரான்ஸ்ல ஜக்கார்டு கொண்டுவந்த அந்த ஓட்டை போட்ட அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன்னோட கம்ப்யூட்டருக்கு அட்டை வெக்க நினைச்சார்னு காலேஜ்ல ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சிருக்கேன். டிசைன் வேற, மெஷின் வேறன்னு பிரிச்ச அந்த ஐடியா என் தலைக்கு மேலயே ஓடிட்டு இருந்திருக்கு. அம்மா அதுக்குக் கீழ உட்கார்ந்திருந்திருக்காங்க.

சொல்லப்போனா இந்த ஹாலுக்கு சரவுண்ட் சவுண்ட் புதுசே இல்ல. நாடா இடது வலதா ஓடும், மேல பெட்டி டக்குனு அடிக்கும், கீழ மிதிபலகை. எனக்குச் சின்ன வயசுல தூக்கம் வந்தது அந்தச் சத்தத்துலதான்.

56

அட்மாஸ் எந்த ரூமுக்கும் தன்னை மாத்திக்கும்னு சொன்னேன். ஆனா ரூம் சும்மா இருக்குமா? முதல் நாள் போட்டுப் பார்த்தப்போ வெடிச் சத்தம் எல்லாம் பானைக்குள்ள கத்தின மாதிரி "பூம்ம்ம்"னு இழுத்துச்சு. ஸ்பீக்கர் வித்த கடைக்காரர் பெரிய சப்வூஃபரை என் தலையில கட்டினாரே தவிர, ரூம் என்ன அளவுன்னு ஒரு வார்த்தை கேட்கல. நானும் சொல்லல.

கணக்கு போட்டுப் பார்த்தேன். சத்தம் நொடிக்கு 343 மீட்டர் போகும். 20 அடின்னா 6.1 மீட்டர். போய்த் திரும்ப 12.2. வகுத்தா 28. அதாவது இந்த ஹாலோட நீளத்துக்கு 28 ஹெர்ட்ஸ் ஒத்துப்போகும், அதோட மடங்கு 56ம் ஒத்துப்போகும். அகலம் 10 அடி, நீளத்துல சரிபாதி. அதோட கணக்கும் 56! ரெண்டும் ஒரே நோட்டுல சேர்ந்து கத்துது. நெசவுக்கு ரொம்ப வசதியான ஹால், சத்தத்துக்கு ரொம்ப மோசமான ஹால்.

முட்டை அட்டை ஒட்டுன்னாங்க. பட்டுத்துணி தொங்கவிடுன்னு ஒரு நண்பன் சொன்னான், காஞ்சிபுரம்னா எல்லாத்துக்கும் பட்டுதான்! ரெண்டும் வேலைக்கு ஆகாது. மெல்லிசான எதுவும் கீச்சுச் சத்தத்தை மட்டும்தான் குடிக்கும். 56 ஹெர்ட்ஸ் அலை ஒண்ணு ஆறு மீட்டர் நீளம், அது துணியை மதிக்கவே மதிக்காது. ராக்வூல் பேனல் மூலையில வெச்சேன். கொஞ்சம் குறைஞ்சுது. கடைசியில உதவினது இடம் மாத்தினதுதான். சப்வூஃபரை மூலையிலேர்ந்து முன்சுவர் நடுவுக்குக் கொண்டுவந்தேன், அகலத்தோட 56 அடங்கிடுச்சு. நீளத்தோட 56 எங்க அடங்கும்? தரையில அடிக்கு அடி சாக்பீஸ்ல கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுலயும் மைக்கை வெச்சு அளந்தேன். பின்சுவர்லேர்ந்து அஞ்சாவது அடி. நீளத்துல சரியாக் கால் பங்கு. அங்க பூம் கிட்டத்தட்ட காணோம்.

அது கடப்பாக் கல் மேல. தறிக்குழி.

நான் குதிச்சேன். அங்கதான் ரிக்ளைனர் சோபா, மூணு சீட்டு, ஆர்டர் போடப் போறேன்னேன். அம்மா முதல் தடவையா வேண்டாம்னாங்க. "அந்த இடத்துல செருப்புக் காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் படம் பார்ப்பீங்களா? பாய் போட்டு உட்காரு. இல்லன்னா வேற இடம் பாரு."

ரெண்டு நாள் பேசிக்கல. அப்புறம் பாய்தான் போட்டேன். மனசு மாறியெல்லாம் இல்ல, வேற நல்ல இடம் இல்லாததால. ஆனா பாய்க்கு மாறினதும் இன்னொரு விஷயம் நடந்துச்சு. சோபாவுல காது மூணரை அடி உயரத்துல இருக்கும். தரையில ரெண்டரை. முன் ஸ்பீக்கரை இறக்க வேண்டியிருந்தது, சரி. ஆனா 9 அடி உயரத்துல மேல் ஸ்பீக்கர் காதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கேன்னு தலையைப் பிச்சுக்கிட்டிருந்தேனே, அதுக்கு ஒரு அடி இலவசமாக் கிடைச்சுது. மழை இப்பத்தான் வானத்துலேர்ந்து பெய்யற மாதிரி கேட்டுச்சு.

பொங்கல் ராத்திரி

எல்லாம் முடிஞ்சு முதல்ல ஒரு ஹாலிவுட் அட்மாஸ் படம் போட்டேன். நான், அம்மா, அப்பா. ஹெலிகாப்டர் தலைக்கு மேல போச்சு. அப்பா அண்ணாந்து பார்த்தார். அம்மா "நல்லா இருக்குடா"ன்னாங்க. இடைவேளைக்கு முன்னாடியே எழுந்து போய்த் துணி மடிச்சாங்க.

இந்த டெக்னாலஜி அடுத்து எங்க போகுதுன்னும் தெரியும். ஏ.ஆர். ரஹ்மான் இயக்கின 'லே மஸ்க்' 2022ல கான் விழாவுல வந்துச்சு. விஆர் ஹெட்செட், ஆடற நாற்காலி, வாசனை கூட வரும். ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள். கொட்டகை வீடாச்சு, வீடு நாற்காலி ஆகுது. தப்புன்னு சொல்லல, எனக்கும் அதுல உட்காரணும்னு ஆசைதான்.

பொங்கல் அன்னிக்குத் தெருவுல பேச்சு வந்து, "உன் தியேட்டரைக் காட்டுடா"ன்னு பதினாலு பேர் வந்துட்டாங்க. எல்லாரும் தரையில. என்ன படம்னு கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்ல. 'முந்தானை முடிச்சு'.

1983 படம். மோனோ. ப்ளே பண்ணினதும் ஆம்ப்ளிஃபயர் ஒழுங்கா யோசிச்சு, சென்டர் ஸ்பீக்கர் ஒண்ணுக்கு மட்டும் சத்தம் அனுப்பிச்சு. பத்துல ஒண்ணு. மிச்ச ஒம்பதும் ஏழு மாசச் சம்பளத்தோட சும்மா தொங்குது. செட்டிங்ஸ்ல போய் எல்லாத்துலயும் வர்ற மாதிரி மாத்தலாம்னு ரிமோட்டை எடுத்தேன். அப்போ பின்னாடி ஒரு பாட்டி வசனம் வர்றதுக்கு முன்னாடியே வசனத்தைச் சொன்னாங்க. இடது பக்கம் சிரிப்பு. வலது பக்கம் யாரோ "ஷ்ஷ்". திண்ணையிலேர்ந்து ஒருத்தர் "சவுண்டு வை"ங்கறார். ரிமோட்டைக் கீழ வெச்சுட்டேன்.

அம்மா கடப்பாக் கல் மேல பாயில உட்கார்ந்திருந்தாங்க. பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு. படம் முடியற வரைக்கும் எழுந்திருக்கல.

மறுநாள் பழக்கதோஷத்துல மைக்கை வெச்சு அளந்தேன், காலி ஹாலை. பதினாலு பேர் இருந்தப்போ ஃபோன்ல பதிவு பண்ணின கிளிப்போட ஒப்பிட்டேன். மனுஷ உடம்பும் துணியும் பேச்சுச் சத்தத்தை நல்லாக் குடிக்கும், அது புத்தகத்துலயே இருக்கு. 56க்கு ஒண்ணும் ஆகாது. ஆனா எதிரொலி, அதாவது இப்போ என் குரலுக்குப் பின்னாடி நீங்க கேட்கறது, அன்னிக்கு இல்ல. பேனல் வாங்கி ஒட்டி அதைப் போக்கலாம். இன்னும் வாங்கல.

இன்னிக்கு அவ்வளவுதான். உங்க வீட்டுலயோ தெருவுலயோ டெக் ராத்திரி ஞாபகம் இருக்கறவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க: முதல் படம் எது, நீங்க எங்க உட்கார்ந்தீங்க? ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதில் நீளமா இருக்கும். வெட்டாம அனுப்புங்க.